வாசலுக்கு அடியில் பதினோரு குழி

திண்டிவனத்தில் மகள் வீட்டு மாடியில் நின்றால் தெரு முழுக்கப் பேவர் பிளாக் கல் தெரியும். சிவப்பும் சாம்பலுமாக, அழகாகத்தான் பதித்திருக்கிறார்கள். மழை பிடித்தால் நான் அங்கே போய் நின்றுகொள்வேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, யார் வீட்டு கேட்டுக்கு அடியில் நுழையப் பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மகள் கீழேயிருந்து கூப்பிடுவாள்.

"யப்பா, எறங்கி வா. மழையப் பாத்து இன்னாத்துக்கு இப்டி பயப்படற? நம்ம வீடு மேட்லதான இருக்குது."

அவள் சொல்வது சரிதான். வீடு மேட்டில்தான் இருக்கிறது. எனக்குப் பயமே அதனால்தான். மேட்டு வீட்டுத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதை விழுப்புரத்தில் நாங்கள் இருந்த தெருவில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இடுப்பு வலி வந்து வேலையை நிறுத்திய பிறகு மகளோடு இருக்கிறோம். இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. ஆனாலும் தூறல் விழுந்தால் மனசு அந்தத் தெருவுக்குத்தான் போகிறது.

நான் கொத்தனார். எங்கள் பக்கத்தில் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். பிறந்தது முகையூர் பக்கம். ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போதே எனக்குப் பயம் பிடித்துவிடும். சோறு இறங்காது. அதைத் தாங்க முடியாமல்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தை விட்டாலும் பயம் என்னை விடவில்லை, அது சித்தாள் வேலைக்கும் கூடவே வந்தது. கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எல்லா முட்டும் இறுக்கினேனா என்று சந்தேகம் வந்துவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அதனாலேயே என் வேலை சுத்தம் என்று பேர் கிடைத்தது.

விழுப்புரத்தில் எங்கள் தெரு ரயில் பாதைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வீடு. கரும்பு லாரி மெயின் ரோட்டில் போகும்போது விழுந்த கரும்புத் துண்டுகளைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் வரும். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பாசஞ்சர் போகும். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வருவார்கள். தெரு கிழக்கிலிருந்து மேற்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். நடக்கிறவர்களுக்குத் தெரியாது. சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியும், மிதிக்காமலே போகும். மேற்குக் கோடியில் ஒரு வாய்க்கால் இருந்ததாம். நாங்கள் குடிபோனபோது அந்த இடத்தில் ஒரு மதில்சுவர்தான் இருந்தது.

மதிலை ஒட்டிய கடைசி வீடு டெய்லர் அக்காவுடையது. தெருவுக்கே அவள் அக்காதான், எனக்கு மட்டும் தங்கச்சி. என்னை அண்ணே என்பாள், என் வீட்டுக்காரியை அண்ணி என்பாள். அவள் புருஷன் வடநாட்டு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஓட்டு வீடு, மண் வாசல், முன்னறையில் இரண்டு தையல் மிஷின். தெருப் பெண்கள் ரவிக்கை அளவு கொடுக்கப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். அந்த அறையில் பேசி முடியாத விஷயம் தெருவில் கிடையாது.

ஒரு வருஷம், வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இல்லையென்றால் தண்ணீர்க் குழாயை வெட்டிவிடுவார்கள் என்று ஒரே பேச்சு. எனக்கு அதைக் கேட்டதுமே தூக்கம் போனது. எங்கள் வீட்டில்தான் முதல் குழி வெட்டினேன். மூணடிக்கு மூணடி, ஆழம் ஆறடி. அடியில் உடைந்த செங்கல், அதற்கு மேல் கருங்கல் ஜல்லி, அதற்கு மேல் மணல். மொட்டை மாடித் தண்ணீர் பைப் வழியாக அதற்குள் இறங்கும். மேலே இரும்பு வளையம் வைத்த சிமெண்டு மூடி. வாசலில் விழுகிற தண்ணீரும் போகட்டும் என்று மூடியில் நாலு ஓட்டை விட்டேன்.

அதைப் பார்த்து அடுத்த வீடு கூப்பிட்டது, அதற்கடுத்த வீடும் கூப்பிட்டது. ஒரே மாதத்தில் பதினோரு குழி. அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் ஈர மண் வாசனை வருகிறது. திருவிழா மாதிரி இருந்தது தெரு. ஒருவர் வீட்டுக் கடப்பாறை இன்னொருவர் வீட்டில் கிடக்கும். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்று தினமும் ஒரு சண்டை, சண்டைக்குப் பிறகு டீ. டெய்லர் அக்கா வீடு மட்டும் பாக்கி. ஓட்டு வீட்டில் பைப் எங்கே இருக்கிறது? "எனக்கு எதுக்குண்ணே குழி? நானே குழியிலதான இருக்கறேன்" என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் கோடையில் எங்கள் அடிபம்பில் தண்ணீர் ருசி மாறியிருந்தது. உப்பு குறைந்திருந்தது. என் வீட்டுக்காரி ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "பருப்பு வேவும்னு தோணுது" என்றாள். வெந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

ஏழெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. வண்டல் சேர்ந்து குழிகளில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. மேல் மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போட்டால் போதும். யாரும் போடவில்லை. நானும் போடவில்லை. மழை பெய்தால் மூடிக்கு மேல் கொஞ்ச நேரம் சேறு தேங்கும். அது பெரிய குறையாக யாருக்கும் படவில்லை. மார்கழிதான் குறையாக்கியது.

எங்கள் தெருப் பெண்களுக்கு மார்கழிக் கோலம் என்பது பரீட்சை மாதிரி. யார் வீட்டு வாசலில் எத்தனை புள்ளி என்று அடுத்த தெருவில் பேசுவார்கள். நடுவாசலில் மூணடிக்கு மூணடி மூடி, அதில் துருத்திக்கொண்டு ஒரு வளையம். என் வீட்டுக்காரிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, பத்தொம்போது புள்ளி வச்சா ஏழு புள்ளி அந்த மூடி மேல ஏறி எறங்குது. இழை ஒடைஞ்சு போவுது. ஊருக்கெல்லாம் வாசல் பூசற மேஸ்திரி பொண்டாட்டிக்கு இந்த கதியா?"

நான் பூசினேன். மூடியின் வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, வாசல் முழுக்க ஜல்லி பரப்பி, மேலே சிமெண்டு இழைத்து விட்டேன். மாடிப் பைப்புக்கு முழங்கை மாதிரி வளைந்த ஒரு எல்போ மாட்டித் தெருப் பக்கம் திருப்பினேன். தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகத் தரையில் நாங்கள் வைக்கிற சரிவுக்கு வாட்டம் என்று பெயர். வாசலுக்குத் தெருவைப் பார்த்து நல்ல வாட்டம் வைத்தேன். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைப் படியில் சாய்த்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு சொட்டு நிற்காமல் தெருவுக்கு ஓடினால்தான் மனசு அடங்கும். ஓடியது.

அந்த மார்கழி முதல் நாள் என் வீட்டு வாசலில் கூட்டம். இரண்டாம் நாளே அடுத்த வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தெருவில் எல்லாருக்கும் அவர் மில்லுக்காரர். எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"யோவ் மேஸ்திரி, உன் வாசல பாத்துட்டு எங்க வீட்டம்மா எனக்கு காபி குடுக்கல. ஜல்தியா எனக்கும் போட்டுக் குடு. ஒரு சொட்டு நிக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு வாசலும் பூசினேன். பதினோரு மூடியும் அடியில் போயின. பதினோரு பைப்பும் தெருவைப் பார்த்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடம் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு குடமும் ஓடியது. இந்தப் பதினோரு குடமும் ஓடிப் போய் எங்கே சந்திக்கும் என்று, முட்டு இறுக்கினேனா என்பதற்குக்கூடத் தூங்காதவன், ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. என் கவலை எல்லாம் வாசலின் எல்லையோடு முடிந்துபோனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மார்கழிகளைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. விடிகிற நேரம், பனி இறங்கிக்கொண்டிருக்கும். பதினோரு வாசலிலும் குனிந்த முதுகுகள். சிமெண்டின் மேல் மாவு விழும்போது வெள்ளை பளிச்சென்று நிற்கும். நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒரு நடை போவேன். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகப் போகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வாசலிலும் வெடிப்பு இல்லையே என்று பார்ப்பது என் வேலை, ஆனால் பார்த்தது கோலத்தைத்தான். கடைசியில் டெய்லர் அக்காவின் மண் வாசலில் சாணம் தெளித்து ஒரு சின்னக் கோலம் இருக்கும். "எனக்கும் ஒரு நாளு சிமெண்டு போட்டுக் குடுங்கண்ணே" என்பாள். போடலாம் போடலாம் என்பேன்.

பிறகு தெருவுக்குச் சிமெண்டு ரோடு வந்தது. பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் தலைமேலேயே போட்டார்கள். தெரு முக்காலடி உயர்ந்தது. எல்லாருக்கும் வாசல் உயரமாக இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெய்லர் அக்காவுக்கு மட்டும் வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டியதாயிற்று. ரோட்டிலிருந்து ஒரு படி கீழே வாசல், அங்கிருந்து இரண்டு படி மேலே வீடு.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது தெருப் பெண்கள் எல்லாரும் கடைசி வீட்டில் இருந்தார்கள். முழங்காலுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்னக்கூடைப் பாத்திரத்தால் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குத் தைத்து வைத்த ரவிக்கைகளில் பாதி நனைந்திருந்தது. ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறியிருந்தது. டெய்லர் அக்கா கட்டிலின் மேல் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மழ ஜாஸ்திண்ணே. இன்னா பண்றது, பள்ளத்துல கீறவளுக்குத்தான் மொதல்ல வரும்" என்றாள்.

நானும் மழை ஜாஸ்தி என்றுதான் சொன்னேன். நம்பியும்தான் சொன்னேன்.

அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷம் மூன்று முறை. மூன்றாவது முறை மிஷின் மோட்டாரில் தண்ணீர் ஏறிவிட்டது. வளவனூரிலிருந்து அவள் அண்ணன் வந்து பார்த்தார். தெருவில் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். "இன்னோரு தபா வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா நான் வண்டி அனுப்பறேன். சாமானெல்லாம் ஏத்திக்கினு வந்துடு. அங்க மேட்டுல ஒரு ரூம் இருக்குது, மிஷின போட்டுக்கலாம். இந்த பேஜாரு உனக்கு வாணாம்."

ஆனால் இங்கேதான் அவளுக்கு வாடிக்கை, இங்கேதான் அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அது எல்லாருக்கும் தெரியும்.

நான் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அடுத்த மழையில்தான். சின்ன மழை, ஞாயிற்றுக்கிழமை காலை. குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி வீட்டு நிலைமை எப்படி என்று பார்க்கத் தெருவில் இறங்கினேன். இறங்கியவன் என் வீட்டு கேட்டுக்கு எதிரிலேயே நின்றுவிட்டேன். நான் மாட்டிய எல்போவிலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி தெருவில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் ஒரு கயிறு. அதற்கடுத்த வீட்டிலும். வாசல்களிலிருந்து தகடு தகடாக வழுக்கி வந்த தண்ணீர் அவற்றோடு சேர்ந்து, எந்த இடத்திலும் தயங்காமல், அழகாக, நான் வைத்த வாட்டத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. பதினோரு வாசலில் ஒன்றிலும் ஒரு சொட்டு நிற்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தத் தண்ணீர் அத்தனையும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியை அடைத்தவன் நான். திருப்பி விட்டவனும் நான்.

வீட்டுக்குள் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை முறத்தில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் நாலு நாளா சோறு எறங்கலியா உங்களுக்கு?" என்றாள்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"இன்னிக்குத்தான் வெளிய சொல்றீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. மேஸ்திரி வேல தப்புன்னு பேர் ஆயிடும்."

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அந்த பொண்ணு போயிட்டா நல்லாவா இருக்கும்? நம்ம வாசல மொதல்ல ஒடைங்க. அப்பறம் அடுத்தவங்ககிட்ட சொல்லலாம். மூடிய நடுப்புள்ளியா வச்சு கோலம் போட்டுக்கறேன், போங்க."

மறுநாள் காலை கடப்பாறையோடு வாசலில் இறங்கினேன். மில்லுக்காரர் நாற்காலியை எங்கள் வீட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு மூடி எங்கே என்று தெரியவில்லை. பூசும்போது ஒரு அடையாளம் வைத்திருக்கலாம். அவ்வளவு சுத்தமாக இழைத்திருந்தேன். சுத்தியல் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்தேன். குழி இருக்கிற இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்க வேண்டும். பயத்தில் எல்லா இடமும் வேறு மாதிரிதான் கேட்டது. ஒரு இடத்தில் உடைத்தேன், மண். இன்னொரு இடத்தில் உடைத்தேன், அதுவும் மண்.

"இன்னா மேஸ்திரி, பொதையல் எதுனா பொதைச்சு வச்சிருக்கியா?" என்றார் மில்லுக்காரர்.

"குழிங்க. மழத்தண்ணிக் குழி."

"போட்டதும் நீ, மூடுனதும் நீ, இப்ப ஒடைக்கறதும் நீ. ஒரே வாசல்ல மூணு வேல. நல்லா பொழைக்கறய்யா."

நாலாவது இடத்தில் அகப்பட்டது. மூடியைத் தூக்கினால் குழி முக்கால்வாசி வண்டல். வேப்ப வேர் உள்ளே வலை பின்னியிருந்தது. வண்டலை வாரி, ஜல்லியை மேலே எடுத்து அலசிக் காயப்போட்டு, புது மணல் கொட்டிப் பழையபடி நிரப்ப மூன்று நாள் ஆனது. எல்போவைக் கழற்றிப் பைப்பைக் குழிக்குள் இறக்கினேன். வாசலின் வாட்டத்தையும் கொத்திக் குழியைப் பார்த்து மாற்றினேன். ஒரு குடம் சாய்த்தேன். மூடியின் ஓட்டைகளைச் சுற்றி ஒரு சுழல் சுழன்று கடகடவென்று உள்ளே போனது. தெருவுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

டெய்லர் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் போனேனே தவிர வேறு பெருந்தன்மை இல்லை. அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப மழ ஜாஸ்தி இல்ல."

"மழ எப்பவும் போலத்தாம்மா. நான் திருப்பி உட்ட தண்ணி உன் வூட்டுக்கு வந்துக்கினு இருந்துது."

"மூணு வருசமா நான் மழைய திட்டிக்கினு இருக்கறேன்" என்றாள். மறுபடி மிஷினை மிதித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், அவள் நிமிரவில்லை. சாயங்காலம் அவளுடைய மகள் வந்து, என் வீட்டுக்காரி தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். "அம்மாவுக்கு நேரம் இல்லியாம்."

"உங்க தொல்லையால என் ரவிக்க திரும்பி வந்துடுச்சு" என்றாள் என் வீட்டுக்காரி. "சீக்கிரம் மத்த வூட்டையும் ஒடைங்க."

வீடு வீடாகப் போய், நான் செய்தது தப்பு, உடைக்க வேண்டும் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. ஒருவர் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்துக் கேட்டார். ஒருவர் கேட்டைத் திறக்காமலே கேட்டார். "மழை பேஞ்சா பாத்துக்கலாம்" என்றவர்களிடம் என் வீட்டுக்காரி போனாள். அவள் என்னைப் போலப் பேசவில்லை. "அவ போயிட்டா ரவிக்க தைக்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவணும். அங்க அளவு ரவிக்கையே தொலைச்சுடுவான்" என்றாள். அதற்கு ஏழு வீடு ஒத்துக்கொண்டது. மூன்று வீடு மறுத்துவிட்டது. அதில் ஒன்று மில்லுக்காரர் வீடு. அவர் சிமெண்டின் மேல் கிரானைட் ஒட்டியிருந்தார். "கிரானைட்ட ஒடைக்க சொல்றியா? என் மேல நடந்து போய் ஒடை" என்றார்.

புரட்டாசி முடிவதற்குள் எங்கள் வீட்டோடு சேர்த்து எட்டுக் குழியும் திறந்துவிட்டேன். கூலி பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஜல்லி அலசும் நாட்களில் தெருவில் மறுபடி பழைய கலகலப்பு வந்தது. அலசிய ஜல்லி வாசல் வாசலாகக் காய்ந்துகொண்டிருக்கும், பெண்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். டெய்லர் அக்கா மட்டும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பாள்.

பெரிய மழை வந்த அன்று நான் ஊரில் இல்லை. இதே திண்டிவனத்தில், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கலவையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் கண்ணாடி இறங்காத பஸ். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது எதிரில் வருகிற வண்டி தெரியவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றது. வயலெல்லாம் ஒரே வெள்ளை. நான் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"எங்க இருக்குது தண்ணி?"

"தெருவுல இருக்குது. அஞ்சு நிமிசம் முன்னதான கேட்டீங்க?"

"நம்ம குழி வாங்குதா?"

"வாங்குது, வாங்குது. வழியல."

"கடைசி வூடு?"

"நான் குடைய புடிச்சுக்கினு அங்கதான் நிக்கறேன். நீங்க போன வையுங்க, நனையுது."

பக்கத்து சீட்டில் இருந்தவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எட்டுக் குழி போதாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பதினொன்றும் திறந்திருந்தாலும் போதுமா என்று தெரியாது. கணக்குப் போடத் தெரிந்தவன் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பான். எனக்குத் தெரிந்தது ஒரு குடம் சாய்த்துப் பார்ப்பது மட்டும்தான்.

தெருவுக்குள் நுழைந்தபோது மழை கொஞ்சம் தணிந்திருந்தது. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். திறந்த வாசல்களில் மூடிகளைச் சுற்றித் தண்ணீர் குமிழியிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓட்டமும் நடையுமாகக் கடைசி வீட்டுக்குப் போனேன். மண் வாசல் குளமாகியிருந்தது. இரண்டு படியில் கீழ்ப்படி முழுகிவிட்டது. மேல்படி மட்டும் வெளியே தெரிந்தது. டெய்லர் அக்கா வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மேல்படிக்கும் தண்ணீருக்கும் நடுவில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு இஞ்சு" என்றாள். என்னிடமா, என் வீட்டுக்காரியிடமா என்று தெரியவில்லை.

மறுபடி பிடித்தது மழை. நாங்கள் எல்லாரும் அந்தத் தண்ணீருக்குள் நின்றோம். இரண்டே முக்கால் இஞ்சு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அப்போதுதான் மில்லுக்காரர் குடையோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பக்கத்து வரிசையில் ஒரே ஒரு எல்போவிலிருந்துதான் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அது எங்க வூடா மேஸ்திரி?"

"ஆமாங்க."

"இம்மாந் தண்ணியா வருது?"

"எப்பவும் அம்மாந்தான் வரும். மத்ததோட சேந்து வந்ததால தெரியல."

அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசலில் சத்தம். "அடியே, அந்த கல்யாண அண்டாவ கொண்டா. அண்டாவக் கொண்டான்னா பூட்டு சாவி தேடிக்கினு நிக்கற?" பைப்புக்கு அடியில் அண்டா வந்தது. எண்ணி நூறு எண்ணுவதற்குள் நிரம்பி வழிந்தது. அடுத்து டிரம், அடுத்து பக்கெட். அவரும் அவர் மனைவியும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். நிரம்பியதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டு மூடியின் மேல் கொண்டுவந்து ஊற்றினார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நடுத்தெருவில் தண்ணீருக்குள் நின்று, அந்தப் பயத்துக்கு நடுவில், நானும் சிரித்தேன்.

ஒரு இஞ்சில் நின்றது. டேப்பைப் பிடித்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள். கால்மணி நேரம் ஒரு இஞ்சு. பிறகு ஒன்றேகால். மழை தூறலாகிவிட்டது. தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, டேப்புக்குத்தான் தெரியும். ஒன்றரை ஆனபோது அவள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போன் அடித்தது. வளவனூர் அண்ணன். வாசலில் நின்றே பேசினாள்.

"ஆங்... ஆமாண்ணே, பேஞ்சுது, நல்லா பேஞ்சுது... வந்துச்சு. மேப்படி வரைக்கும் வந்துச்சு... இல்ல, உள்ள வரல. வந்துட்டு அப்படியே போயிக்கினு இருக்குது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "வண்டி வாணாம். இந்த வருசம் வாணாம்ண்ணே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு, "இன்னும் இன்னாத்துக்குண்ணே தண்ணில நிக்கறீங்க? சேத்துப்புண் வந்துடும், வூட்டுக்குப் போங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். கால் நகரவில்லை. இந்த வருஷம் என்றுதானே சொன்னாள். மூன்று குழி இன்னும் அடியில் கிடக்கிறது, எட்டுக் குழியிலும் அடுத்த வருஷத்துக்குள் மணல் மாற்ற வேண்டும், கிரானைட்டை உடைக்காமல் மில்லுக்காரர் வீட்டுப் பைப்பை எங்கே இறக்குவது என்று, அந்தத் தண்ணீரில் நின்றபடியே அடுத்த வருஷத்துக்குப் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.